இதயத்தின் நடுச்சுவர்: ஒரு புடைப்பின் வரலாறு

அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்குப் பொதுச்சுவர் ஒன்று இருப்பதைப் பார்த்திருக்கிறோம். சுவர் நன்றாக இருக்கும்வரை அதை யாரும் நினைப்பதில்லை. அதில் ஓர் ஓட்டை விழுந்தாலோ, ஒரு பக்கமாக அது உப்பிக்கொண்டு வந்தாலோதான் கவலை பிறக்கிறது. நம் இதயத்தின் நடுவிலும் இத்தகைய பொதுச்சுவர் ஒன்று உண்டு. இடக் கீழறையையும் வலக் கீழறையையும் பிரிக்கும் இடைச்சுவர் அது.

இரண்டு அறைகளும் ஒரே நேரத்தில் சுருங்கினாலும் அவற்றின் வேலை ஒன்றல்ல. உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இடக் கீழறையில், அது சுருங்கும்போது அழுத்தம் சுமார் 120 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உயருகிறது. அருகிலுள்ள நுரையீரல்களுக்கு மட்டும் அனுப்பும் வலக் கீழறையில் அது சுமார் 25 தான். இந்த வேறுபாடு முழுவதையும் இடைச்சுவர் தாங்கி நிற்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை!

இச்சுவரின் பெரும்பகுதி தடித்த தசையால் ஆனது. அதன் கனம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஆனால் மேற்பகுதியில், பெருந்தமனி வால்வுக்குச் சற்றுக் கீழே, சுண்டுவிரல் நகமளவே உள்ள ஓரிடத்தில் மட்டும் தசை கிடையாது. மெல்லிய சவ்வுதான் உள்ளது. இறந்தவரின் இதயத்தைத் திறந்து விளக்குக்கு நேரே பிடித்தால், அந்த இடத்தில் மட்டும் ஒளி ஊடுருவித் தெரியும். 'சவ்வு இடைச்சுவர்' என்பது அதன் பெயர்.

சிலருக்கு இந்த மெல்லிய இடம் வலப் பக்கமாகப் பிதுங்கி, ஒரு சிறு பைபோல் தொங்குகிறது. இதனை மருத்துவர்கள் 'அனூரிசம்' என்பர். விரிவடைதல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர். தமிழில் புடைப்பு என்று சொல்லலாம். சுமார் 140 ஆண்டுகள் வரை இந்தப் புடைப்பு ஒரு நோயாக மட்டுமே கருதப்பட்டது. பின்னர், அது பெரும்பாலும் நோயல்ல, நோய் ஆறிவருவதன் அடையாளமே என்று தெரியவந்தது. இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இல்லாத துளைகள்

இடைச்சுவரின் வரலாறு ஒரு பெரும் பிழையிலிருந்து தொடங்குகிறது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற கிரேக்க மருத்துவர், இரத்தம் கல்லீரலில் உண்டாகி, வலப் பக்க இதயத்தை அடைவதாகக் கருதினார். அதில் ஒரு பகுதியாவது இடப் பக்கத்துக்குச் சென்று, நுரையீரலிலிருந்து வரும் உயிர்க்காற்றோடு கலக்க வேண்டும். நடுவிலோ தடித்த சுவர் நிற்கிறது. வழி என்ன? சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். தாம் வகுத்த கொள்கைக்குத் துளைகள் தேவைப்பட்டன. ஆகவே துளைகள் இருந்தன!

கேலன் மனித உடலை அறுத்துப் பார்த்தவர் அல்லர். குரங்கு, பன்றி போன்ற விலங்குகளை ஆராய்ந்தவர். இருப்பினும் அவர் சொல் ஏறத்தாழ 1400 ஆண்டுகள் வேதவாக்காக விளங்கியது.

அதனை முதன்முதல் தெளிவாக மறுத்தவர் அரபு மருத்துவர் இபின் அல் நஃபீஸ். டமாஸ்கசில் பயின்று கெய்ரோவில் பணியாற்றிய இவர், 1242-இல் எழுதிய ஓர் உரைநூலில், இடைச்சுவர் கெட்டியானது, அதில் கட்புலனாகும் துளையும் இல்லை, புலனாகாத துளையும் இல்லை என்றார். இரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றித்தான் இடப் பக்கத்தை அடைய முடியும் என்றும் விளக்கினார். இக்கருத்து ஐரோப்பியரின் நினைவில் நிற்கவில்லை. 1924-இல் ஜெர்மனியில் பயின்றுகொண்டிருந்த அல் தத்தாவி என்ற எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்தில் அதன் கையெழுத்துப் படியைக் கண்டபோதுதான் உலகம் இவர் பெருமையை உணர்ந்தது.

ஐரோப்பாவில் 1543-இல் தமது புகழ்பெற்ற உடற்கூற்று நூலை வெளியிட்ட வெசாலியஸ், கண்ணுக்குப் புலப்படாத துளைகளின் வழியே இரத்தத்தைக் கசியச் செய்யும் இறைவனின் திறத்தை வியப்பதாக எழுதினார். அதில் வியப்பைவிட ஐயமே மிகுதி. 1555-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த ஐயத்தை வெளிப்படையாகவே கூறிவிட்டார். 1553-இல் செர்வேட்டசும், 1559-இல் கொலம்போவும் நுரையீரல் வழியைச் சுட்டிக்காட்டினர். 1628-இல் ஆங்கில மருத்துவர் ஹார்வி, இரத்தம் உடலைச் சுற்றி ஓடுகிறது என்பதை நிலைநாட்டினார்.

அப்போதும் துளைக் கொள்கையை விடாதவர்கள் இருந்தனர். அவர்களுக்காக ஹார்வி செய்த சோதனை ஒன்றை 1651-இல் எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். தூக்கிலிடப்பட்ட ஒருவரின் இதயத்தில் நுரையீரலுக்குச் செல்லும் நாளங்களைக் கட்டிவிட்டு, வலக் கீழறைக்குள் வெந்நீரை அழுத்திச் செலுத்தினார். அறை உப்பிற்று, இடக் கீழறைக்கு ஒரு சொட்டும் வரவில்லை. நுரையீரல் தமனி வழியாகச் செலுத்தியபோதோ நீர் இடப் பக்கத்தில் வந்து கொட்டியது. இத்துடன் கேலனின் துளைகள் அடைபட்டன எனலாம்.

சுவர் எழும் விதம்

கேலன் சொன்ன நுண்துளைகள் இல்லை என்றாலும், கருவில் எல்லாருக்கும் அந்தச் சுவரில் ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. தொடக்கத்தில் இதயம் ஒரு குழாய். அது வளைந்து மடங்கியபின், கீழறையின் அடியிலிருந்து தசைச்சுவர் மேல்நோக்கி எழுகிறது. மேலிருந்து மென்மையான திசுத் திண்டுகள் அதைச் சந்திக்க வருகின்றன. இரண்டும் இணையும் இடத்தில் சிறிது காலம் ஓர் இடைவெளி உள்ளது. ஏழாம் வாரத்தின் முடிவை ஒட்டி அதுவும் அடைபடுகிறது. கடைசியில் அடைபடும் அந்த இடமே சவ்வு இடைச்சுவர்.

கொத்தனார் கடைசியாக வைக்கும் கல்லில்தான் பிசகு நேர வாய்ப்பு அதிகம். இங்கும் அப்படியே. இணைப்பு முழுமை பெறாவிட்டால் ஓட்டை தங்கிவிடுகிறது. பிறவி இதயக் குறைகளுள் மிகச் சாதாரணமாகக் காணப்படுவனவற்றுள் ஒன்று கீழறை இடைச்சுவர் ஓட்டை. அவற்றுள் பலவும் இந்தச் சவ்வுப் பகுதியை ஒட்டியே அமைகின்றன.

லென்னெக் கண்ட பை

ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக்கை அறியாதார் இலர். 1816-இல் ஒரு தாள் சுருளைக் குழலாக்கி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டவர் அவர். உயிருள்ளவரின் மார்பில் கேட்ட ஓசையை, இறந்தபின் உடலில் காணும் மாற்றத்தோடு பொருத்திப் பார்ப்பதே அவருடைய முறை. அவர் காலமான ஆண்டும் அதுவேயான 1826-இல், சவ்வு இடைச்சுவர் பைபோல் பிதுங்கியிருப்பதை அவர் விவரித்தார். இப்புடைப்பைப் பற்றிய முதல் குறிப்பாக மருத்துவ வரலாற்றில் இதனையே சொல்வர்.

அதன்பின் நூறாண்டுக்கு மேலாக, எப்போதாவது ஒரு பிணப் பரிசோதனையில் இப்புடைப்பு தென்படும். மருத்துவ இதழில் ஒரு குறிப்பு வெளிவரும். பைக்குள் இரத்தக் கட்டி இருந்தது என்பார் ஒருவர். பை கிழிந்திருந்தது என்பார் மற்றொருவர். அதில் கிருமிகள் குடியேறியிருந்தன என்பார் இன்னொருவர். படிக்கும் மருத்துவருக்கு இது மிக அரிய, மிகக் கொடிய நோய் என்று தோன்றியதில் வியப்பில்லை.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிணச்சாலை மேசைக்கு வந்தவர்கள் இறந்தவர்கள் மட்டுமே. புடைப்போடு நலமாக உலவிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. மூழ்கிய படகுகளை மட்டும் எண்ணிக்கொண்டு, கடலில் போகும் படகெல்லாம் மூழ்கும் என்று சொல்வதைப் போன்றது இது.

ஓசை பெரிது, ஓட்டை சிறிது

இதற்கிடையில் ஓட்டையைப் பற்றிய அறிவு வளர்ந்தது. 1875-இல் வியன்னாவின் ரோகிடான்ஸ்கி இதயச் சுவர்களின் குறைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1879-இல் பாரிசில் குழந்தை மருத்துவரான ஆன்றி ரோஜர், ஒரு விந்தையைச் சுட்டிக்காட்டினார். சில குழந்தைகளின் மார்பில் காதை வைத்தால் முரட்டுத்தனமான இரைச்சல் கேட்கிறது. அக்குழந்தைகளோ ஓடியாடி விளையாடுகின்றன. நீலம் பாய்வதில்லை, மூச்சு இரைப்பதில்லை. இரைச்சலுக்குக் காரணம் கீழறைகளுக்கு இடையே உள்ள ஓட்டை என்றும், அதனோடு நெடுநாள் வாழ முடியும் என்றும் அவர் கூறினார்.

தண்ணீர்க் குழாயைப் பாதி மூடினால் சீறிக்கொண்டு பாயும் ஓசையும், முழுக்கத் திறந்தால் அமைதியாகக் கொட்டும் ஓசையும் நமக்குப் பழக்கமானவை. சிறிய ஓட்டையின் வழியே இரத்தம் பீறிடுவதால்தான் பெரிய ஓசை எழுகிறது. ஓசையைக் கொண்டு ஆபத்தை அளக்கக் கூடாது என்பது ரோஜர் தந்த பாடம்.

பெரிய ஓட்டையின் கதை வேறு. 1897-இல் வியன்னாவைச் சேர்ந்த ஐசென்மெங்கர், குழந்தைப் பருவம் முதலே நீலம் பாய்ந்து மூச்சு இரைத்து, 32 வயதில் இரத்தம் கக்கி இறந்த ஒருவரைப் பற்றி எழுதினார். அவருடைய இடைச்சுவரில் பெரிய ஓட்டை இருந்தது. இடப் பக்கத்தின் முழு அழுத்தமும் பல ஆண்டுகள் நுரையீரல் நாளங்களைத் தாக்கினால் அவை தடித்துக் குறுகிவிடுகின்றன. முடிவில் இரத்த ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பி, தூய்மை பெறாத இரத்தம் உடலுக்குச் செல்கிறது. அந்நிலை வந்தபின் ஓட்டையை அடைத்தாலும் பயனில்லை, தீங்கே நேரும்.

ஆகவே மருத்துவர் முன் இரண்டு கேள்விகள் எழுந்தன. எந்த ஓட்டையை விட்டுவிடலாம்? எதைக் காலம் தாழ்த்தாமல் அடைக்க வேண்டும்? ஒவ்வொரு குழந்தையின் வாழ்வும் இவற்றின் விடையைப் பொறுத்தே இருந்தது.

சுவரோரம் ஓடும் கம்பி

சவ்வு இடைச்சுவரின் முக்கியத்துவம் அதன் மென்மையோடு முடியவில்லை. 1893-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹிஸ், மேலறையையும் கீழறையையும் இணைக்கும் ஒரு நுண்ணிய தசைக் கற்றையைக் கண்டார். இதயத்தைத் துடிக்கச் செய்யும் மின் ஆணை மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் ஒரே பாலம் அது. 1906-இல் மார்பர்க் நகரில் அஷோஃப்பின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜப்பானிய மருத்துவர் தவாரா, அந்தக் கற்றை தொடங்கும் கணுவையும் அது கிளைவிட்டுப் பரவும் பாதை முழுவதையும் வரைந்து காட்டினார்.

அந்தப் பாதை எங்கே செல்கிறது? சவ்வு இடைச்சுவரின் கீழ் விளிம்பை ஒட்டியே செல்கிறது! வீட்டின் முழு மின்சாரத்தையும் கொண்டுவரும் கம்பி, சுவரின் மிக மெல்லிய இடத்தின் ஓரத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஆணி அடிப்பவர் மிகுந்த எச்சரிக்கையோடு அடிக்க வேண்டும்.

ஊசியும் நூலும்

அந்த ஆணியை முதலில் அடித்தவர் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் வால்ட்டன் லில்லிஹை. 1954 மார்ச் 26 அன்று, சுமார் ஒரு வயதுக் குழந்தையின் இதயத்தைத் திறந்து இடைச்சுவர் ஓட்டையைத் தைத்து மூடினார். அந்த நேரத்தில் குழந்தையின் இரத்தத்தைத் தூய்மைப்படுத்தியது எந்திரமன்று. பக்கத்து மேசையில் படுத்திருந்த தந்தையின் இதயமும் நுரையீரலுமே! இருவரின் இரத்த நாளங்களும் குழாய்களால் இணைக்கப்பட்டிருந்தன. ஓட்டை சரியாக அடைபட்டது. ஆயினும் பதினோராம் நாள் குழந்தை நிமோனியாவால் இறந்தது.

லில்லிஹை தளரவில்லை. 1955 வரை இம்முறையில் 45 அறுவைகள் செய்தார். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பிழைத்தனர். அதே ஆண்டில் மாயோ மருத்துவமனையில் கிர்க்லின் இதய-நுரையீரல் எந்திரத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். தந்தையைப் படுக்க வைக்க வேண்டிய தேவை மறைந்தது.

ஆனால் ஒரு தொல்லை தொடர்ந்தது. ஓட்டையின் விளிம்பில் போடும் தையல் சில வேளைகளில் ஹிஸ் கற்றையில் பட்டுவிடும். உடனே மேலறையின் ஆணை கீழறைக்கு எட்டாமல் இதயத்துடிப்பு மிகவும் குறைந்துவிடும். இதற்கு 'இதயத் தடை' என்று பெயர். ஓட்டை அடைபட்டும் குழந்தை இறக்கும்!

1957 ஜனவரியில் லில்லிஹை, இதயத் தசையில் ஒரு மெல்லிய கம்பியைப் பொருத்தி வெளியிலிருந்து மின்துடிப்புகளை அனுப்பி ஒரு குழந்தையைக் காப்பாற்றினார். அந்தக் கருவி சுவரிலுள்ள மின்சாரத்தை நம்பியிருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31-இல் மின்னியாபொலிஸ் நகரில் மின்சாரம் தடைப்பட்டது. மின்கலத்தால் இயங்கும் கருவி ஒன்றைச் செய்து தருமாறு லில்லிஹை, மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்த எர்ல் பாக்கன் என்ற பொறியாளரைக் கேட்டார். பாக்கன், இசை பயில்வோருக்குத் தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியின் மின்சுற்று ஒன்று மின்னணு இதழ் ஒன்றில் வெளிவந்திருந்ததை நினைவுகூர்ந்து, அதனை மாற்றியமைத்தார். சில வாரங்களில், உடலோடு கட்டிக்கொள்ளக்கூடிய சிறிய டிரான்சிஸ்டர் பேஸ்மேக்கர் தயாராயிற்று. இடைச்சுவர் ஓட்டையை அடைக்கும் முயற்சியிலிருந்து பிறந்த கருவி, பின்னாளில் இலட்சக்கணக்கான முதியவர்களின் துடிப்பைக் காத்த கருவிகளுக்கு முன்னோடியாயிற்று.

உயிருள்ள இதயத்தைப் படம் பிடித்தல்

இனிப் புடைப்புக்கு வருவோம். பிணச்சாலையில் மட்டும் தெரிந்த பையை உயிருள்ளவரிடம் காண்பது எப்படி? சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் இதயம் ஒரு நிழலாகவே தெரியும், உள்ளறைகள் தெரியா. 1938-இல் நியூயார்க்கில் ராப், ஸ்டைன்பெர்க் ஆகிய இருவரும் எக்ஸ் கதிரை மறிக்கும் ஒரு திரவத்தைக் கைச் சிரையில் விரைவாகச் செலுத்தி, அது இதய அறைகளின் வழியே பாயும்போது படம் எடுக்கும் முறையை வகுத்தனர். இதற்கு முன்பே, 1929-இல், ஜெர்மனியில் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர் தம் கைச் சிரை வழியாகத் தாமே ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்திக் காட்டியிருந்தார். இவ்விரு வழிகளும் பின்னர் ஒன்றாக இணைந்தன.

1957-இல் அதே ஸ்டைன்பெர்க், உயிருள்ளவரிடத்திலேயே இடைச்சுவர்ப் புடைப்பைக் கண்டறிவதைப் பற்றிப் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினார். லென்னெக்கிலிருந்து இதற்கு 131 ஆண்டுகள் ஆயின.

படம் எடுக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, மருத்துவர்கள் திகைத்தனர். அரிதானது என்று நூல்கள் சொன்ன புடைப்பு, அவ்வளவு அரிதாக இல்லை. இடைச்சுவர் ஓட்டையுள்ள குழந்தைகளிடம் அது அடிக்கடி தென்பட்டது. அக்குழந்தைகளில் பலர் நலமாகவும் இருந்தனர்!

மறைந்துபோன இரைச்சல்

இந்தப் புதிரை விடுவிக்க உதவிய ஒரு செய்தி வெகுநாளாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1918-இலேயே லண்டனில் ஃப்ரெஞ்ச் என்ற மருத்துவர், குழந்தைப் பருவத்தில் உரக்கக் கேட்ட பிறவி இதய இரைச்சல் வளர்ந்தபின் மறைந்துபோகக் கூடும் என்று எழுதியிருந்தார். முன்பு கேட்டது தவறாக இருக்கும் என்றே பலர் எண்ணியிருக்கக் கூடும். 1960-இல் எவன்ஸ், ரோவ், கீத் ஆகிய மூவரும், இடைச்சுவர் ஓட்டைகள் தாமாகவே அடைபடுவதைச் சான்றுகளோடு வெளியிட்டனர்.

தசைப் பகுதியிலுள்ள சிறு ஓட்டை, சுற்றியுள்ள தசை வளர்வதால் நெருங்கி மூடிவிடும். இதைப் புரிந்துகொள்வது எளிது. ஆனால் சவ்வுப் பகுதியில் தசையே இல்லையே. அங்கே ஓட்டை எப்படி மூடும்?

1969-இல் வர்கீஸ், ரோவ் முதலியோர் அமெரிக்க இதயவியல் இதழில் இதற்கு விடை தந்தனர். அந்தப் புடைப்புதான் ஓட்டையை மூடுகிறது! எத்தனையோ பேர் நோய் என்று கருதிய பையே இயற்கை தைத்த ஒட்டு. 1974-இல் ஃப்ரீடமும் அவருடைய குழுவினரும் இப்புடைப்பின் இயல்பான போக்கை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதன் தலைப்பிலேயே 'அனூரிசம் எனப்படுவது' என்ற பொருளில் எழுதியது, பெயரே பொருத்தமற்றது என்பதைக் காட்டுகிறது. 1983-இல் ஆன்டர்சன் முதலிய இதய உடற்கூற்று அறிஞர்கள் ஓட்டை மூடும் முறைகளை மேலும் தெளிவாக்கினர்.

நிகழ்வது இதுதான். வலப் பக்கத்தில், ஓட்டைக்கு மிக அருகில், மூவிதழ் வால்வின் ஓர் இதழ் தொங்குகிறது. ஓட்டையின் வழியே பீறிடும் இரத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் அந்தப் பகுதியைத் தாக்குகிறது. தொடர்ந்து தேயும் உள்ளங்கை காய்ப்பதுபோல், அங்குள்ள திசு தடிக்கிறது, நார்த்திசு வளர்கிறது. மெல்ல மெல்ல அது ஓட்டையின் விளிம்புகளில் ஒட்டிக்கொள்கிறது. இடப் பக்க அழுத்தம் அதைக் காற்றடித்த பாய்போல வலப் பக்கம் உப்பச் செய்கிறது. இதுவே நாம் காணும் பை. முதலில் பையில் சிறு கசிவுகள் இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவை குறுகும். பல குழந்தைகளில் முற்றிலும் அடைபடும். இரைச்சல் ஓய்ந்துவிடும்.

இதிலிருந்து, அக்காலம்வரை புடைப்பு எனப்பட்டதில் பெரும்பகுதி சவ்வு இடைச்சுவரின் பிதுக்கமே அன்று என்பதும் விளங்கிற்று. அது வால்வின் இதழிலிருந்து வந்த திசு. ஓட்டையே இன்றிச் சவ்வு மட்டும் பலவீனத்தால் பிதுங்குவதும் உண்டு. அதுவே உண்மையில் அரிது.

நண்பனிலும் தொல்லை உண்டு

இதனால் புடைப்பைப் பற்றிக் கவலையே வேண்டா என்று கொள்ளக் கூடாது. பிணச்சாலைக் குறிப்புகள் பொய்யல்ல. அவை முழுமையற்றவை, அவ்வளவே. அரிதாகச் சிலருக்குப் பையினுள் இரத்தம் உறைந்து கட்டியாகி, அது பெயர்ந்து மூளைக்குச் சென்று பக்கவாதம் உண்டாக்குவதுண்டு. கசிவு எஞ்சியிருந்தால் கிருமிகள் பற்றிக்கொள்ளலாம். பை பெரிதாகி, நுரையீரலுக்குச் செல்லும் வழியை நெருக்கலாம். பற்றிய இதழ் இழுபடுவதால் மூவிதழ் வால்வு சரியாக மூடாமல் போகலாம். அருகிலுள்ள பெருந்தமனி வால்வின் இதழ் கீழே சரிந்து கசிவதும் உண்டு. ஹிஸ் கற்றை அண்மையில் இருப்பதால் துடிப்பின் ஒழுங்கு கெடுவதும் உண்டு.

இடைச்சுவரில் வேறு வகைப் புடைப்புகளும் தோன்றும். பெருந்தமனியின் அடிப்பகுதியில் ஏற்படும் புடைப்பு சில நேரங்களில் தசைச்சுவருக்குள் துளைத்து இறங்கி, அதனை இரண்டாகப் பிளந்து நடுவில் ஒரு குழியை உண்டாக்கும். மாரடைப்பால் தசை மடிந்த இடம் மெலிந்து உப்புவதும், கிழிந்துபோவதும் உண்டு. இவை ஒட்டுப் போடும் புடைப்புகள் அல்ல, உண்மையான ஆபத்துகள். எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்ததே பழைய குழப்பத்துக்கு ஒரு காரணம்.

பார்த்துக் காத்திருத்தல்

எது நண்பன், எது பகை என்பதைப் பிரித்தறிய இன்று கத்தியும் வேண்டா, குழாயும் வேண்டா. 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலார் ஹெர்ட்சும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் வெடிப்பைக் காணப் பயன்பட்ட கேளா ஒலிக் கருவி ஒன்றைக் கடன் வாங்கி, இதயச் சுவர்களின் எதிரொலியைப் பதிவு செய்தனர். அதிலிருந்து வளர்ந்ததே 'எக்கோ'. 1980-களில் இரத்த ஓட்டத்தை நிறங்களில் காட்டும் டாப்ளர் முறையும் சேர்ந்தது. இப்போது ஓட்டையின் அளவு, பையின் வடிவம், கசிவின் வேகம் ஆகிய யாவும் வலியின்றித் திரையில் தெரிகின்றன. ஆண்டுதோறும் பார்த்து, ஓட்டை சுருங்குகிறதா என்று அறியலாம்.

அடைக்க வேண்டிய ஓட்டைகளுக்கும் புதிய வழிகள் வந்தன. 1988-இல் லாக் முதலியோர் தொடைச் சிரை வழியாகக் குடைபோல் விரியும் கருவியைச் செலுத்தி இடைச்சுவர் ஓட்டையை அடைத்ததை வெளியிட்டனர். 2002-இல் சவ்வுப் பகுதிக்கென்றே வடிவமைத்த கருவி பயன்பாட்டுக்கு வந்தது. அப்போது பழைய தொல்லை மீண்டும் தலைதூக்கியது. கருவியின் விளிம்பு ஹிஸ் கற்றையை அழுத்த, சில குழந்தைகளுக்கு இதயத் தடை ஏற்பட்டது. சிலருக்கு மாதங்கள் கழித்து! தையலூசி சந்தித்த அதே கம்பியைக் கருவியும் சந்தித்தது. மென்மையான புதிய கருவிகள் அதன்பின் வந்தன. இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. புடைப்பு உள்ள குழந்தைகளில் கருவியைச் சுவரின் விளிம்பில் வைக்காமல் பையினுள்ளேயே வைத்துவிட முடிகிறது. அதனால் கற்றையிலிருந்து அது சற்று விலகி நிற்கிறது. இயற்கை தொடங்கிய ஒட்டை மருத்துவர் முடித்து வைக்கிறார்.

'குழந்தையின் இதயத்தில் ஓட்டை இருக்கிறது, புடைப்பும் இருக்கிறது' என்று கேட்கும் பெற்றோர் கலங்குவது இயல்பு. இரண்டு குறைகள் என்று அவர்கள் எண்ணுவர். பெரும்பாலும் இரண்டாவது, முதலாவதற்கு வந்த மருந்து. அதே சமயம், பெரிய ஓட்டையை 'தானே மூடும்' என்று நம்பிக் காலம் கடத்தினால் ஐசென்மெங்கர் கண்ட நிலை வந்துவிடும். ஆகவே அஞ்சி அவசரப்படுவதும் தவறு, அலட்சியமாக இருப்பதும் தவறு. குழந்தைகளின் இதய மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் கால இடைவெளியில் எக்கோ எடுத்துப் பார்த்து வருவதே முறை.

கேலன், இல்லாத துளைகளை இருப்பதாகக் கண்டார். அவருக்குப் பின் வந்தவர்கள், இருக்கும் பையைப் பார்த்தும் அதன் பொருளைக் காணவில்லை. இருவரின் பிழைக்கும் காரணம் ஒன்றே: உயிரோடு துடிக்கும் இதயத்தைப் பார்க்க அவர்களிடம் வழியில்லை. வழி கிடைத்தபோது, சுண்டுவிரல் நகமளவு சவ்வு தன் கதையைத் தானே சொல்லிற்று.